விரிவாக்கச் செய்தி ஊருக்குக் கடைசியில் போனால் என்ன ஆகும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, விரிவாக்கம் வரப்போகிறது, அதற்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். ‘ஸ்டேக்ஹோல்டர் கம்யூனிகேஷன் பிளான்’, அதாவது கம்பெனியோடு சம்பந்தப்பட்ட எல்லாரிடமும் எப்படிப் பேசுவது என்ற திட்டம் ஒன்று தயார் செய் என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. சென்னையில் உள்ள ஒரு ஏஜென்சி ஸ்லைடு போட்டுக் கொடுத்துவிட்டது. அதில் நாலு கட்டம்: அதிகாரம் அதிகமா குறைவா, அக்கறை அதிகமா குறைவா என்று ஆட்களைப் பிரித்துப் போட்டது. முதலீட்டாளர், அரசு, வாங்குபவர் மேலே. பக்கத்து ஊர்க்காரர்கள் கீழே, ‘தகவல் தெரிவித்தால் போதும்’ என்ற கட்டத்தில். இதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா, நம்ம ஊருக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்பது கேள்வி.

நான் இந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் நிர்வாகம், தொழிலாளர் நலன், ‘லயசன்’ (அரசு அலுவலகங்களோடும் ஊரோடும் தொடர்பு வைப்பது) வேலை என்று பல வருடம் ஓட்டியவன். என் பதில்: ஸ்லைடில் யாரிடம் என்ன பேசுவது என்பது சரியாகவே இருக்கும், அதை எழுத ஏஜென்சிக்குத் தெரியும். அதில் இல்லாதது வரிசை. ஒரு விஷயம் நடந்தால் யாருக்கு முதலில் தெரியவேண்டும், யார் வாயால் தெரியவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதுதான் இதில் உண்மையான வேலை. கல்யாணத்துக்குத் தாய்மாமன் வீட்டில் கடைசியாகப் பத்திரிகை வைத்தால் பத்திரிகை எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் கதை முடிந்தது. அவர் வருவார், சாப்பிடவும் செய்வார், ஆனால் பத்து வருடம் கழித்தும் அதைச் சொல்லிக் காட்டுவார். கெட்ட செய்தியை ஊர் தாங்கிக்கொள்ளும். ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்குக் கடைசியில் தெரிந்தது என்பதைத்தான் தாங்காது.

பெரும்பாலான கம்பெனிகளில் இப்போதைய வரிசை என்ன? பங்குச்சந்தை, வாங்குபவர், வங்கி, அரசு அலுவலகம், பத்திரிகை, நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, கடைசியில் ஊர். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, மேலே இருப்பவர்களுக்குக் கெடு இருக்கிறது, அவ்வளவுதான். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி முக்கியமான நிகழ்வு கம்பெனிக்குள் நடந்தால் 12 மணி நேரத்துக்குள், வெளியிலிருந்து வந்தால் 24 மணி நேரத்துக்குள் பங்குச்சந்தைக்குச் சொல்லியாக வேண்டும். தாமதித்தால் அபராதம். வெளிநாட்டு வாங்குபவரிடம் ஒப்பந்தம் இருக்கிறது, ஆடிட் இருக்கிறது. வங்கிக்கு அதன் நிபந்தனை இருக்கிறது. ஊருக்கு என்ன கெடு? ஒன்றும் கிடையாது. அதனால் கெடு இருப்பவரையெல்லாம் முடித்துவிட்டு, நேரம் மிஞ்சினால் ஊர். பெரும்பாலும் மிஞ்சாது.

அந்த நாலு கட்டத்தில் எனக்கு இருக்கும் பெரிய சண்டை, அது அதிகாரத்தை அசையாத பொருளாக நினைக்கிறது என்பது. வேறு எந்த மாவட்டத்தில் வேண்டுமானாலும் அந்தப் படத்தைப் போடுங்கள், வடஆற்காட்டில் போட்டால் சிரிப்புத்தான் வரும். 1990 வாக்கில் பாலாற்றங்கரை விவசாயிக்கு என்ன அதிகாரம் இருந்தது? தோல் ஷாப்புக் (தோல் பதனிடும் ஆலை) கழிவால் கிணறு கெட்டுப்போச்சு என்று மனு எழுதுவார், மனு எங்கேயோ போகும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே செலவை ஏற்கவேண்டும், ஆபத்து நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்கவேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அதில்தான் சொன்னது. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அபராதம் சின்னது, ஆனால் சுத்திகரிப்பு நிலையம் இல்லாதவன் மூடு என்ற உத்தரவு சின்னதில்லை. இன்றைக்கும் இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுத்தாலும் வேலூர் பெயரைச் சொல்லாமல் முடியாது. சி.எம்.சி.க்காகவும் கோட்டைக்காகவும் தெரிந்த ஊர் பெயர், இப்படியும் தெரிய வேண்டியதாயிற்று.

அதோடு முடியவும் இல்லை. நஷ்டஈடு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, நிலம் சரியாகவில்லை என்று வழக்கு தொடர்ந்து, 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாக்கி நஷ்டஈட்டைக் கொடு, மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடு என்று. முதல் மனுவிலிருந்து கணக்குப் போட்டால் முப்பது வருடத்துக்கு மேல். ‘தகவல் தெரிவித்தால் போதும்’ கட்டத்தில் இருந்தவர்கள் செய்த வேலை இது. உங்கள் மேலதிகாரிக்கு அந்த ஸ்லைடைக் காட்டும்போது இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது.

இதே தோல் தொழிலில் எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு, அதைப் பார்த்தால்தான் வரிசைப் பிரச்சினை புரியும். 1980களின் கடைசியில் ஜெர்மனி, தோல் கெடாமல் இருக்கப் போடும் பென்டாகுளோரோபீனால் என்ற மருந்து கலந்த சரக்கை உள்ளே விடமாட்டேன் என்று தடை போட்டது. பின்னாலேயே சில அசோ சாயங்களுக்கும் தடை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஏற்றுமதியாளர்களுக்குத் தலைக்கு மேல் இடி. ஆனால் என்ன செய்தார்கள்? சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு மாற்று மருந்து தேடி, சோதனைக்கூடம் போட்டு, சான்றிதழ் வாங்கி, மாறிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற வாங்குபவர் ‘இந்த ரசாயனம் வேண்டாம்’ என்றால் காதில் விழுகிறது, காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற விவசாயி அதையே சொன்னால் விழவில்லை, அதற்கு உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. மாறத் தெரியாத தொழில் என்று சொல்ல முடியாது. யார் சொல்வதைக் கேட்பது என்ற பழக்கம்தான் அப்படி இருந்தது.

சரி, ஊர் என்றால் யார் என்பதிலும் ஏஜென்சிக்காரர்கள் கோட்டை விடுவார்கள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், வி.ஏ.ஓ., நாலு பெரியவர்கள் என்று பட்டியல் போட்டுச் சால்வை போர்த்திவிட்டு வந்தால் ஊரிடம் பேசியாயிற்று என்று நினைப்பு. இந்தப் பக்கம் ஒரே தெருவில் தமிழ் பேசுவார்கள், அடுத்த தெருவில் உருது, கொஞ்சம் வடக்கே போனால் தெலுங்கு. மேல்விஷாரத்தில் ஒட்டும் நோட்டீசும் சோளிங்கர் ரோட்டில் ஒட்டும் நோட்டீசும் ஒன்றாக இருக்க முடியாது. அப்புறம் வடநாட்டிலிருந்து வந்து தொழிற்பேட்டைக்குள்ளேயே தங்கி வேலை செய்பவர்கள். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், பல தோல் ஷாப்புகளுக்குப் பொதுவான கூட்டுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்துக்காரர்கள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் உங்கள் நாலு கட்டத்தில் எந்தக் கட்டம்? அவர்கள் உங்கள் தொழிலாளிகள் இல்லை, ஊர்க்காரர்கள் இல்லை, வாக்காளர்களும் இல்லை. ஆனால் ஆபத்து முதலில் போய்ச் சேர்ந்த இடம் அவர்களிடம்தான். என் வரிசை அதிலிருந்துதான் தொடங்குகிறது: ஆபத்து யாரை முதலில் தொடுமோ அவருக்குச் செய்தியும் முதலில்.

இது என் சொந்த உபதேசம் என்று நினைக்காதீர்கள், சட்டமே பாதி அப்படித்தான் யோசித்திருக்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான செயல்முறை உள்ள தொழிற்சாலை தன் ஆபத்துகளையும் அதற்கான முன்னேற்பாட்டையும் தொழிலாளிக்கு, ஆய்வாளருக்கு, உள்ளாட்சிக்கு, சுற்றுவட்டார மக்களுக்குச் சொல்லவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். 1989ல் வந்த அபாய ரசாயன விதிகளும் பெரிய விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே விவரம் சொல்லச் சொல்கின்றன. சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று உங்கள் வேலியை ஒட்டிய தெருவில் ஒருவரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலில் உங்கள் பிளான் எவ்வளவு தேறும் என்று தெரிந்துவிடும்.

இப்போது கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வருவோம், உங்களுக்கு உடனடித் தலைவலி அதுதான். 2006ம் வருட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இதை நடத்துவது கம்பெனி இல்லை, மாசு கட்டுப்பாட்டு வாரியம். தலைமை கலெக்டர் அல்லது கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர். குறைந்தது 30 நாள் முன்பே ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வரவேண்டும், சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீஸ் முதலான இடங்களில் பார்வைக்கு இருக்கவேண்டும், சுருக்கம் தமிழிலும் இருக்கவேண்டும். முழுக்க வீடியோ எடுப்பார்கள், கடைசியில் யார் யார் என்ன கேட்டார்கள் என்று தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். குறைந்தபட்சம் இத்தனை பேர் வரவேண்டும் என்ற விதி கிடையாது. சில கம்பெனிகள் இந்தக் கடைசி வரியை மட்டும் நன்றாகப் படித்து வைத்திருக்கும். தொழிற்பேட்டைக்கே மொத்தமாக அனுமதி வாங்கியிருந்தால் உள்ளே வரும் கம்பெனிக்குக் கூட்டம் தேவைப்படாமலும் போகலாம். அதைப் பெரிய வரம் என்று நினைக்காதீர்கள், ஊரோடு பேச சட்டம் கொடுத்த ஒரே நாளும் போனது என்றுதான் அர்த்தம்.

நான் பார்த்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். கல்யாண மண்டபம், வாசலில் ஷாமியானா, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். முன் நாலு வரிசையும் கம்பெனி வேனில் வந்து இறங்கிய தொழிலாளர்கள், இஸ்திரி போட்ட யூனிஃபார்மில். ஊர்க்காரர்கள் பின்னால், பாதிப்பேர் நின்றுகொண்டு. இந்த உட்காரும் ஏற்பாட்டைப் பார்த்தாலே ஊருக்குப் பாதி புரிந்துவிடும், முன்வரிசையில் ஆள் வைத்து அடைப்பது போன்ற முட்டாள்தனம் வேறில்லை. சென்னையிலிருந்து வந்த கன்சல்டன்ட் மைக் பிடித்து, தண்ணீரில் கரைந்த திடப்பொருள் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் இருக்கும் என்று ஸ்லைடைக் காட்டி முடித்தார். பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்து, “அதெல்லாம் இருக்கட்டும், இந்தத் தண்ணிய எங்க மாடு குடிக்கலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க” என்றார். கன்சல்டன்ட் மறுபடியும் வரம்புக்குள் என்றார். அந்த அம்மா மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாவது தடவை மண்டபமே கேட்டது.

அப்போது ஓரத்தில் உட்கார்ந்திருந்த, கழிவுநீர் பிளான்ட் ஓட்டுகிற பையன், உள்ளூர்க்காரன், மைக் கூட இல்லாமல் எழுந்து, “குடிக்கக் கூடாதும்மா. இந்தத் தண்ணி வெளிய வரவே கூடாது, வடிகட்டி உள்ளயே திரும்ப உபயோகிக்கிறோம். ஓடையில நம்ம பக்கத்துல இருந்து ஒரு சொட்டு வந்தா எனக்குப் போன் பண்ணு” என்று தன் நம்பரைச் சொன்னான். மண்டபம் அடங்கியது. எதிர்ப்பு போய்விட்டது என்று சொல்லவில்லை, மனு கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் எல்லாம் அவனைப் பார்த்துத்தான், கன்சல்டன்டை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2,100 என்பது கழிவுநீரை வெளியே விடுவதற்கான வரம்பு. குடிநீருக்கான இந்தியத் தரம் 500, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. ‘வரம்புக்குள்’ என்று நீங்கள் சொல்லும்போது எதிரில் இருப்பவர் குடிக்கிற தண்ணீரை நினைத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் சாக்கடையை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்த எண்ணைச் சொன்னாலும் அது எதற்கான வரம்பு, மாட்டுக்கு ஆகுமா, வயலுக்கு ஆகுமா என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆகாது என்றால் ஆகாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல முடிகிற ஆளை மேடையில் உட்கார வையுங்கள், டை கட்டியவர் ஓரத்தில் இருக்கட்டும்.

கூட்டத்தில் தண்ணீருக்கு அடுத்தபடி வரும் கேள்வி வேலை. சில ஊர்களில் அதுதான் முதல் கேள்வி. பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள், அதே வருடம் டிசம்பரில் ஒரு பெரிய காலணி ஆலைக்கும். அதிலிருந்து இந்த மாவட்டத்தில் எந்த டீக்கடையில் கம்பெனி என்று பேச்செடுத்தாலும் ‘நம்ம பசங்களுக்கு உண்டா’ என்பதுதான் பேச்சு. ‘உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை’ என்று ஒரு வரியை ஏஜென்சி எழுதிக் கொடுத்திருக்கும், தயவுசெய்து அடித்துவிடுங்கள். இந்தத் தொழிலில் இதைவிட ஆபத்தான வாக்கியம் எனக்குத் தெரியாது. உள்ளூர் என்றால் எத்தனை கிலோமீட்டர்? முன்னுரிமை என்றால் சம்பளப் பட்டியலிலா, காண்டிராக்டர் மூலம் கூட்டிப் பெருக்கும் வேலையிலா? எத்தனை பேர், ஐ.டி.ஐ. வேண்டுமா டிப்ளமோ வேண்டுமா, ஆள் எடுப்பது கம்பெனியா காண்டிராக்டரா, எந்த மாதம் என்று போர்டில் எழுதி வைத்துவிடுங்கள். எண்ணிக்கை சின்னதாக இருந்தால் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். பெரிதாகச் சொல்லி வராமல் போனால் கேட்டை மறிப்பார்கள். நடுவில் ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று காசு பிடுங்கும் ஆட்களுக்கும் உங்கள் மங்கலான வாக்கியம்தான் முதலீடு.

போர்டு என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு போர்டு இருக்கவேண்டும், இருக்கும். என்னென்ன அபாய ரசாயனம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், கழிவுநீர், புகை, திடக்கழிவு விவரம் என்ன என்று வெளியே தெரியும்படி எழுதி வைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே சொல்லிவிட்டது. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை ஒருநாள் வண்டியில் போய் இந்தப் போர்டுகளைப் பாருங்கள். சிலதில் எண் எழுதிய பெயின்ட் வெளுத்து, தேதி எந்த வருடமோ. சிலது ஆங்கிலத்தில் மட்டும். ஒன்றை நான் புங்க மரத்துக்குப் பின்னால் கண்டுபிடித்தேன், எழுத்து கம்பெனி பக்கம் பார்த்து இருந்தது, உள்ளே வேலை செய்பவர்கள் படிக்க வைத்தார்களோ என்னவோ! ஏஜென்சி கேட்கும் காசில் பத்தில் ஒரு பங்கு போதும், அந்தப் போர்டைத் தமிழில் எழுதி, வாரத்துக்கொருமுறை எண்ணை மாற்றி, மாற்றியவர் பெயரும் தேதியும் போட. எண் எகிறிய வாரத்திலும் எழுதுங்கள். எகிறிய எண்ணை நீங்களே எழுதிய ஒரு வாரம், நல்ல எண் எழுதிய மற்ற வாரங்களை நம்ப வைக்கும்.

சி.எஸ்.ஆர். (கம்பெனி சமூகப் பொறுப்புக்காகச் செய்யும் செலவு) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஸ்லைடில் அது இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். 2013 கம்பெனிகள் சட்டம் 135ம் பிரிவில் கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம், உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை. நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அது பேச்சுக்குப் பதில் ஆகாது. கிணறு கெட்ட ஊரில் ஆர்.ஓ. பிளான்ட் திறந்து, எம்.டி. படம் போட்டு பிளக்ஸ் வைத்தால், குடம் பிடித்து நிற்கிறவர்கள் பேசிக்கொள்வது கிணறு ஏன் கெட்டது என்பதைத்தான். பிளான்ட் திறப்பதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து முடிவைக் கையில் கொடுங்கள். உங்களால் கெடவில்லை என்றால் அந்த முடிவே பேசும், உங்களால்தான் என்றால் பிளக்ஸ் எதையும் மறைக்கப்போவதில்லை.

தொழிலாளர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு, கவனமாக இருங்கள். விரிவாக்கம், ஆலை மூடல், பெரிய ஆர்டர் மாதிரியான பங்கு விலையைப் பாதிக்கும் செய்தியை பங்குச்சந்தைக்குச் சொல்வதற்கு முன் தொழிலாளியிடமோ ஊராட்சித் தலைவரிடமோ சொன்னால் அது உள்தகவல் கசிவாகிவிடும், செபி விடாது. ஆக அங்கே வரிசையை மாற்ற முடியாது, இடைவெளியைத்தான் சுருக்க முடியும். அறிவிப்பு பங்குச்சந்தைக்குப் போன அடுத்த அரை மணி நேரத்தில் ஷிஃப்ட் கூட்டம் நடக்கவேண்டும், தலைவருக்குப் போன் போகவேண்டும், தமிழ் நோட்டீஸ் முதல் நாளே அச்சாகிக் கவரில் இருக்கவேண்டும், அதைத் தொட்டவர்கள் பெயர், உள்தகவல் தெரிந்தவர்கள் என்று நிறுவனச் செயலாளர் வைத்திருக்கும் பட்டியலில் இருக்கவேண்டும். இல்லையென்றால் என்ன நடக்கும் தெரியுமா? ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேனில் யாரோ ஒருவர் போனில் வந்த செய்தியைப் படிப்பார், ‘நம்ம யூனிட்டை மூடப்போறாங்களாம்’ என்பார், வேன் கேட்டுக்கு வருவதற்குள் அது உண்மையாகிவிடும்.

வாடை, கசிவு, தீ, லாரி கவிழ்ந்தது இதெல்லாம் வேறு வகை. அங்கே வேலிக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் முதல், எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மூக்கு எரிகிறது என்று ஊரிலிருந்து போன் வந்தால் எடுப்பது யார்? எம்.டி. இல்லை, நீங்கள் இல்லை, கேட் செக்யூரிட்டி. அவர் செக்யூரிட்டி ஏஜென்சி ஆள், போன வாரம்தான் வந்தார், ‘எனக்குத் தெரியாது சார், காலையில வாங்க’ என்பார். அந்த நேரத்தில் கம்பெனியின் குரல் அவர்தான், உங்கள் ஸ்லைடில் அவர் இல்லவே இல்லை. அவர் மேஜையில் ஒரு அட்டை ஒட்டுங்கள்: பேசுபவர் பெயர், தெரு, என்ன வாடை, எப்போதிலிருந்து என்று கேட்டு எழுதவும், ஷிஃப்ட் இன்சார்ஜை உடனே எழுப்பவும், பதினைந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுகிறோம் என்று சொல்லவும். ஷிஃப்ட் இன்சார்ஜ் சொல்லவேண்டியதும் மூன்றே விஷயம்: என்ன நடந்தது என்று இப்போதைக்குத் தெரிந்தது, நீங்கள் என்ன செய்யவேண்டும், அடுத்து எத்தனை மணிக்குச் சொல்வோம். அளந்து பார்க்காமல் ‘எந்தப் பாதிப்பும் இல்லை’ என்று மட்டும் வாயிலிருந்து வரக்கூடாது. வக்கீல் இந்த வாக்கியங்களைப் பார்த்து பயப்படுவார், ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்பார். அதனால்தான் ஒன்றும் நடக்காத நாளில் அவரோடு உட்கார்ந்து வாசகத்தை முடித்துக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வக்கீலை எழுப்பி ஒப்புதல் வாங்கிய கம்பெனி எதையும் நான் பார்த்ததில்லை.

கூட்டுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இருந்தால் இன்னொரு தொல்லை. பல ஷாப்புகளின் தண்ணீர் ஒரே இடத்துக்குப் போகிறது, நிலையத்துக்குத் தனி நிர்வாகம். ஊர்க்காரர் கம்பெனியைக் கேட்டால் நிலையத்தைக் கேள் என்பார்கள், நிலையத்தைக் கேட்டால் எந்த ஷாப்பில் இருந்து வந்ததோ என்பார்கள். அலைந்து பார்த்துவிட்டுத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பார். ‘எங்களிடம் வாருங்கள், நிலையத்திடம் நாங்கள் பேசுகிறோம்’ என்று ஒரு கம்பெனி சொன்னாலே அது தனியாகத் தெரியும்.

கடைசியாக, உங்களைப் பற்றி. இந்த வேலைக்கு அமர்த்தும் ஆட்களுக்குப் பேச மட்டும் அதிகாரம் கொடுப்பார்கள். ஊருக்குப் போவீர்கள், காம்பவுண்டு ஓரம் கால்வாய் அடைத்திருக்கிறது என்பார்கள், மேலே சொல்கிறேன் என்பீர்கள். இரண்டாவது தடவையும் அதையே சொன்னால் மூன்றாவது தடவை டீ கூடக் கிடைக்காது. எம்.டி.யிடம் பிளானைக் கொடுக்கும்போது கூடவே இரண்டு விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: யாரையும் கேட்காமல் நீங்கள் செலவு செய்யக்கூடிய ஒரு தொகை, ஒரு ஜே.சி.பி.யை அரை நாள் கூப்பிடும் அளவுக்காவது. வாடை தாங்கவில்லை என்று ஊர் சொன்னால் பிளான்ட் ஹெட்டை நேராகக் கூப்பிட்டு உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் உரிமை. இரண்டாவதுக்கு அவர் யோசிப்பார், விடாதீர்கள்.

பிளான் வேலை செய்கிறதா என்று வருடக் கடைசியில் கேட்பார்கள். ஏஜென்சி, பத்திரிகையில் எத்தனை செய்தி வந்தது என்று கத்தரித்து ஒட்டிக் கொடுக்கும். நீங்கள் வேறு கணக்கு வையுங்கள்: உங்கள் கம்பெனியைப் பற்றிய புகார்களில் எத்தனை முதலில் உங்கள் கேட்டுக்கு வந்தது, எத்தனை நேராகக் கலெக்டர் ஆபீசுக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போனது. மொத்தப் புகார் முதல் வருடம் கூடும், மேலிடம் பதறும். பதற வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள், கேட்டுக்கு வருவது கூடித்தான் மற்றது குறையும். கருத்துக்கேட்புக்கு இன்னும் தேதி வரவில்லை என்றால் இந்த வாரமே அந்தச் செக்யூரிட்டி அட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.